கேஸ் கம் ஹை!

தில்லியில் வண்டி ஏசி சரியில்லைன்னு எந்த மெக்கானிக்கிட்ட போனாலும் முதல்ல காதுல விழற வாக்கியம் இதுதான். "கேஸ் கம் ஹை, சாப்." பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க. சிலபேர் வண்டியை நிறுத்தறதுக்கு முன்னாடியே. அப்புறம் ஒரு சிலிண்டர், ஒரு நீலக் குழாய், பத்து நிமிஷம், ஆயிரத்து இருநூறு ரூபாய். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஜில்லுன்னு இருக்கற மாதிரி ஒரு பிரமை. மறுவாரம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போற சாமான் இல்லைங்க. மூடின குழாய்க்குள்ளேயே சுத்திச் சுத்தி வர்றது. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வருஷா வருஷம் யாராவது கேஸ் அடிக்கிறோமா? வண்டியில ரப்பர் ஹோஸ், கம்ப்ரசர் சீல் எல்லாம் இருக்கறதால வருஷத்துக்குக் கொஞ்சம் கசியும், அது வாஸ்தவம். ஆனா ஒரே மாசத்துல ரெண்டு தடவை குறையுதுன்னா, ஒண்ணு எங்கேயோ பெரிய ஓட்டை இருக்கணும். இல்லாட்டி கேஸ் குறையவே இல்லைன்னு அர்த்தம்.

அண்ணாச்சி வண்டிக் கதை இதுல ரெண்டாவது ரகம்.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கம். தில்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இட்லி தோசை மாவு அரைச்சு கரோல் பாக், ஜனக்புரி, ஆர்.கே.புரம், மயூர் விஹார்னு நம்ம ஆளுங்க கடைகளுக்கும் மெஸ்ஸுகளுக்கும் சப்ளை. வண்டி 2011 மாடல் டபுள் கேபின் பிக்கப், சிஎன்ஜியில ஓடறது. என்ன கம்பெனின்னு சொல்ல வேண்டாம், வண்டி மேல தப்பில்லை. பின்பக்கத் தட்டுல தேங்காய், வாழை இலை, காலி டப்பா எல்லாம் போகும். மாவு கேன் மட்டும் கேபினுக்குள்ள பின் சீட்ல. ஏன்னா தில்லி ஜூன் வெயில்ல திறந்த தட்டுல ரெண்டு மணி நேரம் மாவு போச்சுன்னா, ஆர்.கே.புரம் போய்ச் சேரும்போது மூடியைத் தள்ளிக்கிட்டு வெளியே எட்டிப் பார்க்கும். புளிச்ச மாவைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிடுவார். அதனால அண்ணாச்சிக்கு ஏசிங்கறது சொகுசு இல்லை, அடுப்பு கிரைண்டர் மாதிரி ஒரு தொழில் சாமான்.

இன்னொரு விஷயமும் உண்டு. அவருக்கு வயசு அறுபதை நெருங்குது. சர்க்கரை இருக்கு, பி.பி.க்கு நீர் பிரியற மாத்திரை சாப்பிடறார். வெயில்ல ஜாக்கிரதையா இருங்க, உங்களுக்குச் சீக்கிரம் நீர்ச்சத்து குறையும்னு டாக்டர் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். 2024 கோடை நினைவிருக்கும். மே 29-ம் தேதி சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி, 79 வருஷத்துல இல்லாத சூடு. அந்த மே மாசம்தான் ஆர்.எம்.எல். ஆஸ்பத்திரியில் ஹீட் ஸ்ட்ரோக்குக்குன்னே தனிப் பிரிவு திறந்து, ஐஸ் தண்ணித் தொட்டியில ஆளை இறக்கி உடம்புச் சூட்டைக் குறைக்க ஏற்பாடு செஞ்சாங்க. அப்பேர்ப்பட்ட கோடையில இவர் கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு, கழுத்துல ஈரத் துண்டோட, தினம் எழுபது கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டு இருந்தார்.

மே நடுவுல முதல் கடை. கேஸ் கம் ஹை. 1,200 ரூபாய். பிரயோஜனமில்லை. மாசக் கடைசியில ரெண்டாவது கடை, கொஞ்சம் பெரிசு, போர்டெல்லாம் போட்ட கடை. அங்கேயும் கேஸ் கம் ஹை, இன்னொரு 1,500. அதோட நிலைமை இன்னும் மோசமாச்சு. முன்னாடி சுமாரா வந்துக்கிட்டிருந்த காத்து, இப்போ சிக்னல்ல நின்னா சுத்தமா அனலா வர ஆரம்பிச்சது. திரும்பப் போனதுக்கு, "கம்ப்ரசர் போச்சு, கண்டென்சரும் கூலிங் காயிலும் சேர்த்து மாத்திடுங்க, 34,000 ஆகும்"னு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துட்டாங்க.

அந்தச் சீட்டோட நேரா என்கிட்ட வந்தார். நான் மெக்கானிக் இல்லை, பி.காம். படிச்சிட்டு பேங்க்ல லோன் பேப்பர் பார்க்கறவன். ஆனா ஊர்க்காரங்களுக்கு பேங்க்காரன்னா எல்லாத்துக்கும் கணக்கு சொல்லணும்!

"தம்பி, இத வித்துரலாம்னு பாக்கேன். பதினைஞ்சு வருசம் முடிய ரெண்டே வருசம்தான் இருக்கு. அதுல போயி முப்பத்தி நாலாயிரத்தக் கொட்டணுமா?"

நியாயமான கேள்வி. 10 வருஷத்துக்கு மேல டீசல் வண்டியும் 15 வருஷத்துக்கு மேல பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்துல ஓடக்கூடாதுங்கற பசுமைத் தீர்ப்பாயத்தோட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர்ல உறுதி செஞ்சது. சிஎன்ஜிக்கும் அந்த 15 வருஷக் கணக்குதான். அதன்படி இந்த வண்டிக்கு 2026 வரைக்கும் தான் ஆயுசு. அப்போ நிலைமை அதுதான். (2025 ஆகஸ்ட்ல வயசை மட்டும் வச்சு கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம்னு அதே கோர்ட் சொன்னதும், டிசம்பர்ல அந்தச் சலுகை பாரத் ஸ்டேஜ் 4 முதல் மேலே உள்ள வண்டிகளுக்கு மட்டும்னு திருத்தினதும் பிற்பாடு நடந்த கதை. 2024-ல இதெல்லாம் யாருக்குத் தெரியும்?)

பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 34,000-ஐ 24 மாசத்துக்கு வகுத்தா மாசம் 1,416 சொச்சம். மாவு ஒரு நாள் புளிச்சுத் திரும்பி வந்தா அவருக்கு 30 கிலோ, 1,800 ரூபாய் நஷ்டம். அதாவது மொத்தம் பத்தொன்பது நாள் மாவு திரும்பினா அந்தப் பணம் போயிடும். அந்த மே மாசத்துல மட்டுமே ஏழு நாள் திரும்பியிருந்தது. அவர் உடம்புக்கு நான் இந்தக் கணக்குல விலை போடவே இல்லை. ஆக, 34,000 செலவு பண்றது முட்டாள்தனம் இல்லை அண்ணாச்சி, ஆனா என்ன கெட்டுப் போச்சுன்னு தெரியாம செலவு பண்றதுதான் முட்டாள்தனம்னு சொன்னேன். சீட்டுல மூணு சாமான் பேர் இருந்ததே ஒழிய, ஒரு அளவு, ஒரு நம்பர் கிடையாது. பேலன்ஸ் ஷீட் இல்லாம லோன் கேக்கற மாதிரி.

ஜூன் 8, ரெண்டாவது சனிக்கிழமை, எனக்கு லீவு. புசா ரோட்டுக்குப் போனோம்.

புசா ரோடுன்னதும் தில்லித் தமிழனுக்கு முதல்ல நினைவுக்கு வர்றது நம்ம டி.டி.இ.ஏ. பள்ளிக்கூடம்தான். ஊர் பேரே ஒரு புலம்பெயர்ந்த பேரு. பீகார்ல இருக்கற புசா கிராமத்துல 1905-ல ஆரம்பிச்ச விவசாய ஆராய்ச்சி நிலையம் 1934 பூகம்பத்துல இடிஞ்சு போக, 1936-ல தில்லிக்குக் கொண்டு வந்தாங்க. ஊரை விட்டு வந்தாலும் பேரை விடலை. (நம்மளை மாதிரியே!) இப்போ ரோட்டுக்கு மேல மெட்ரோ ஓடுது, கீழே தூண் நம்பர் வச்சுத்தான் வழி சொல்றாங்க. அதுல ஒரு தூணுக்கு எதிர்ல கரோல் பாக் பக்கமா உள்ளே போற சந்துல, வண்டி ஏசி மட்டும் பார்க்கற ஒரு பெரியவர் கடை. கடைன்னா ஒரு ஷட்டர், ஒரு பெஞ்ச், ரெண்டு மெஷின். எல்லாரும் உஸ்தாத்னுதான் கூப்பிடறாங்க. எங்க ஆபீஸ் டிரைவர் ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்.

அவர் பானெட்டைத் திறக்கலை. முதல்ல ஒரு கேள்வி கேட்டார். "காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் முதல் அஞ்சு நிமிஷம் காத்து எப்படி?"

அண்ணாச்சி யோசிச்சுட்டு, "அப்ப நல்லாத்தான் இருக்கும். கரோல் பாக் தாண்டுறதுக்குள்ள போயிரும்"னார்.

"இன்ஜின் ஊசி மேலே ஏறின அப்புறமா?"

"ஆமா, கிட்டத்தட்ட அப்பத்தான்."

உஸ்தாத் தலையாட்டிக்கிட்டார். ரெண்டு கடையும் கேக்காத கேள்வி அது ஒண்ணுதான். கேஸ் கம்மின்னா முதல் நிமிஷத்துலேர்ந்தே கம்மியாத்தான் குளிரும். கம்ப்ரசர் போயிருந்தாலும் அப்படித்தான். காலையில குளிர்ந்துட்டு, இன்ஜின் சூடானதும் காத்தும் சூடாகுதுன்னா, இன்ஜின் சூடு எங்கேயோ உள்ளே வருதுன்னுதான் முதல்ல சந்தேகப்படணும்.

அதுக்கப்புறம் மீட்டர் மாட்டினார். நீலம் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. நீலம் குளிர்ந்த பக்கத்துப் பிரஷர், சிவப்பு கம்ப்ரசரைத் தாண்டி வர்ற சூடான பக்கம். வெளியே 43 டிகிரி. வண்டி ஐடிலிங்ல நிக்க நிக்க சிவப்பு ஊசி 300 பவுண்டு, 350ன்னு ஏறி, 400 கிட்ட வந்ததும் 'டக்'னு ஒரு சத்தம், கம்ப்ரசர் கட். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடும், மறுபடி கட். பிரஷர் ரொம்ப ஏறினா குழாய் வெடிக்காம இருக்க ஒரு சுவிட்ச் இருக்கு, அதோட வேலை. சிக்னல்ல நின்னா அனல் அடிச்சதுக்குக் காரணம் இதுதான். கம்ப்ரசர் போகலை. போயிருந்தா இவ்வளவு பிரஷர் ஏத்தவே முடியாது.

"கேஸ் கம் நஹி, ஜ்யாதா ஹை"ன்னார். குறைச்சல் இல்லை, ஜாஸ்தி!

அவர்கிட்ட கேஸை வெளியே விடாம உறிஞ்சி எடுத்து எடை போடற மெஷின் ஒண்ணு இருந்தது. பானெட்டுக்கு அடியில பாதி கிழிஞ்ச ஸ்டிக்கர், ஆர்-134ஏ, 550 கிராம்னு போட்டிருக்கு. மெஷின் காட்டினது 790. ரெண்டு கடையும் சேர்ந்து முக்கால் கிலோவுக்கு மேல திணிச்சு வச்சிருந்தாங்க. கேஸ் ஜாஸ்தியானா முன்னாடி இருக்கற கண்டென்சர்ல திரவமா தேங்கி நின்னுடும், சூட்டை வெளியே விட இடமே இருக்காது. அதனால பிரஷர் எகிறும், குளிர்ச்சி குறையும்.

இதை மீட்டர் பார்த்து ஏன் கண்டுபிடிக்கலைன்னு கேட்டேன். அவர் சொன்ன பதிலை நம்ம வீட்டு சமையல் சிலிண்டரை வச்சுச் சொன்னா சுலபமா புரியும். சிலிண்டர் நிறைய இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்புல ஜ்வாலை ஒரே மாதிரிதானே எரியுது? தீர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தெரியும். அதே மாதிரி, வண்டியை நிறுத்தி வச்சு மீட்டர் மாட்டினா, 40 டிகிரியில ஆர்-134ஏ சுமார் 130 பவுண்டு காட்டும். உள்ளே 400 கிராம் இருந்தாலும் அவ்வளவுதான், 800 இருந்தாலும் அவ்வளவுதான். அதனால ஊசியை மட்டும் பார்த்து, காத்தைக் கையில தொட்டுப் பார்த்து கேஸ் அடிக்கறது உப்பு பார்க்காம சாம்பார் வைக்கற மாதிரி. காலி பண்ணி, எடை போட்டுத்தான் அடிக்கணும்.

சரி, கேஸ் ஜாஸ்தியானது நடுவுல வந்த வியாதி. முதல் வியாதி என்ன?

ஒரு துணியைச் சுத்திக்கிட்டு, இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல இருக்கற தகட்டுல உள்ளே போற ரெண்டு ரப்பர் ஹோஸை உஸ்தாத் தொட்டுப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார். ரெண்டும் கொதிச்சுக்கிட்டு இருந்தது. ஹீட்டர் ஹோஸ்!

இந்த மாதிரி பழைய வண்டிகள்ல டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு குட்டி ரேடியேட்டர் உண்டு. குளிர்காலத்துல இன்ஜின் வெந்நீர் அதுக்குள்ள ஓடும், காத்து சூடாகும். கோடையில அந்த வெந்நீரை நிறுத்த ஒரு குழாய் இருக்கு. நம்ம சிவப்பு-நீலப் பிடியை நகர்த்தினா ஒரு கம்பி அந்தக் குழாயைத் திறந்து மூடும். காத்து முதல்ல கூலிங் காயில்ல குளிர்ந்து, அப்புறம் இந்த ஹீட்டர் வழியா வர்ற அமைப்பு. (எல்லா வண்டியும் இப்படி இல்லை. சிலதுல குழாய்க்குப் பதிலா உள்ளே ஒரு தடுப்புத் தகடு திரும்பும்.) கம்பியைப் பிடிச்சிருந்த பிளாஸ்டிக் கிளிப் உடைஞ்சு, பிடி நீலத்துல இருந்தாலும் குழாய் பாதி திறந்தே நின்னுட்டிருந்தது. மோரை ஐஸ்ல வச்சு எடுத்து, டம்ளர்ல ஊத்தறதுக்கு முன்னாடி அடுப்புல காட்டினா எப்படி இருக்கும்? அதேதான்.

எப்போ உடைஞ்சதுன்னு அண்ணாச்சி பையனுக்குத்தான் ஞாபகம் இருந்தது. ஜனவரி மூடுபனியில ஹீட்டர் போடறப்ப ஏதோ பட்டுன்னு சத்தம் வந்துதாம். பிப்ரவரி மார்ச்ல ஹீட்டரும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். ஏப்ரல்ல ஏசி போட்டபோது ஜனவரி யாருக்கு ஞாபகம் வரும்?

இது நம்மூருல நடக்காத ரிப்பேர் பாருங்க. சென்னையில யாரு ஹீட்டர் போடறா? தில்லியில ஒரே டேஷ்போர்டு ஆறு மாசம் அடுப்பு, ஆறு மாசம் ஐஸ்பெட்டி.

ஊகத்தை நிரூபிச்சுக் காட்டினது எனக்கு ரொம்பப் பிடிச்சது. சாமான் மாத்தறதுக்கு முன்னாடி, முதல்ல கேஸைச் சரியாக்கிடலாம்னார். வேக்குவம் பம்பு போட்டு நாற்பது நிமிஷம் உள்ளே இருக்கற காத்தையும் ஈரத்தையும் இழுத்தார். ஈரம் மிஞ்சினா எக்ஸ்பான்ஷன் வால்வுல உறைஞ்சு அடைக்கும், எண்ணெயோட சேர்ந்து அமிலமாகி உள்ளேயே அரிக்கும். அப்புறம் பம்பை நிறுத்தி இருபது நிமிஷம் ஊசியையே பார்த்துக்கிட்டு டீ குடிச்சோம். ஊசி அசையலை. ஓட்டை கிடையாது. ஆக, கேஸ் எந்தக் காலத்துலயும் 'கம்' ஆகவே இல்லை. 550 கிராம் எடை போட்டு ஏத்தினார். வீட்டுல ஜுரம் பார்க்கற மாதிரி நான் ஒரு சமையல் தெர்மாமீட்டர் கொண்டு போயிருந்தேன், அதை நடு வென்ட்ல செருகினேன். 12 டிகிரியில ஆரம்பிச்சு, இன்ஜின் சூடாகச் சூடாக 24-க்குப் போச்சு. அப்போ உள்ளே போற ஹீட்டர் ஹோஸை ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினார். நாலு நிமிஷத்துல 15. பத்து நிமிஷத்துல 10. அண்ணாச்சி வென்ட்டுக்கு முன்னாடி முகத்தை வச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டார், எழுந்திரிக்கவே இல்லை :-)

புதுக் குழாயும் கிளிப்பும் 450 ரூபாய். கேஸ் எடுத்து, வேக்குவம் போட்டு, எடை பார்த்து ஏத்தினதுக்கு 1,800. கண்டென்சர் முழுக்க ஆந்தி அடிச்ச மண்ணும் பஞ்சும் அப்பிக்கிட்டு இருந்தது, மெதுவா தண்ணி அடிச்சுக் கழுவ 200. மொத்தம் 2,450. 34,000 ரூபாய் சீட்டை அண்ணாச்சி மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டார், எதுக்குன்னு தெரியலை.

உஸ்தாத்கிட்ட வாங்கின இன்னும் சில விஷயங்கள், வெயில் ஊர்ல வண்டி வச்சிருக்கற எல்லாருக்கும் உதவும். ஓடும்போது குளிர்ந்து, நின்னா சூடானா முதல்ல கண்டென்சர் ஃபேன் சுத்துதான்னு பாருங்க, அப்புறம் கண்டென்சர் அழுக்கைப் பாருங்க. காத்தே கம்மியா வந்தா ப்ளோயரும் ஃபில்டரும். வேப்பமரத்தடியில நிக்கற வண்டின்னா ப்ளோயருக்குள்ள இலை இருக்கும். கால் கிட்ட தண்ணி சொட்டினா அது கேஸ் விஷயமே இல்லை, கூலிங் காயில் தண்ணி வெளியே போற குழாய் அடைச்சிருக்கு. நிஜமா கசிஞ்சா, கசியற இடத்துல எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், ஏன்னா கேஸோட எண்ணெயும் சேர்ந்துதான் சுத்தும். குளிர்காலத்துல வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசி போடணும், இல்லாட்டி கம்ப்ரசர் சீல் காய்ஞ்சு அடுத்த கோடையில கசிய ஆரம்பிக்கும். கடையில கேஸை 'புஸ்'ஸுன்னு தெருவுல விட ஆரம்பிச்சா அங்கேயே வண்டியை எடுத்துடுங்க. ஒரு கிலோ ஆர்-134ஏ, சூட்டைப் பிடிச்சு வைக்கறதுல கிட்டத்தட்ட 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஓசோனை ஓட்டை போட்ட பழைய ஆர்-12-க்குப் பதிலா வந்தது இது. அது ஓசோனை ஒண்ணும் செய்யாது, ஆனா ஊரைச் சூடாக்கும். உஸ்தாத் ரெண்டையும் கையாண்டவர்.

இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. லாரி டிரைவர் கேபின்ல ஏசி கட்டாயம்னு சட்டம் வந்தது, புதுசா தயாராகற வண்டிகளுக்கு. நல்ல சட்டம்தான். ஆனா அது 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்குத்தான். மதியம் ரெண்டு மணிக்கு ஊருக்குள்ள சிக்னல் சிக்னலா நின்னு பால், மாவு, தண்ணி கேன், சிலிண்டர் இறக்கற சின்ன வண்டிக்காரங்க அதுல வரலை. ஹைவேயில ஓடற லாரிக்காவது காத்து அடிக்கும்.

அண்ணாச்சி வண்டியில அன்னைக்கு ஏத்தின 550 கிராம்தான் இப்பவும் ஓடுது. 2025 கோடையில ஃபேன் ரிலே ஒண்ணு போச்சு, 180 ரூபாய், அவரே கண்டுபிடிச்சார். டிசம்பர் காலையில போர்வையைப் போர்த்திக்கிட்டு பத்து நிமிஷம் ஏசி ஓட விடறார். ஹீட்டர் பிடியை நகர்த்தறதுக்கு மட்டும் பையனுக்கு அனுமதி கிடையாது.